கசிவு

ஐந்தாம் மாடியில் என் அடுப்பு செத்தது.
டிசம்பர் இருபத்துநாலு, மாலை மூன்றரை.
ஒரு நீலப் பொறி, ஒரு டக். அவ்வளவுதான்.
சன்னலுக்கு வெளியே டான்யூப் இல்லை,
ரூசே நகரமே இல்லை,
மூட்டம் மட்டும்.

மேசைமேல் மூன்று புரியாய்ப் பின்னிய மாவு
நடந்தது தெரியாமல்
மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் நோன்பின் கடைசிச் சாப்பாடு இன்றிரவு.
முட்டை ஆகாது, பால் ஆகாது, வெண்ணெயை நினைக்கவும் கூடாது.
சூரியகாந்தி எண்ணெயும் ஆப்பிள் மசியலும் விட்டு
ஆரஞ்சுத் தோல் சீவிப்போட்டுப் பிசைந்தது.
உள்ளே உலர்ந்த பிளம், வெந்நீரில் ஊறி,
அக்ரூட்டும் பட்டையும் சேர்ந்து
தார்போலப் பளபளத்தது.
ஒரு புரிக்குள், யாருடைய அதிர்ஷ்டத்துக்கோ,
கொதிக்கவைத்த நாணயம்.

மாவுக்கு வீம்பு புரியாது.
இன்னும் அரைமணி போனால் தளர்ந்து படுத்துவிடும்.
எதிர்வீட்டு வெஸ்கா ஊரில் இல்லை.
ஆறாம் மாடியில் மைக்ரோவேவ்தான்.
மிச்சம் நாலாம் மாடி.
அசென்.

இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
லிஃப்டில் சேர்ந்து இறங்க நேர்ந்தால்
அவன் எண்களைப் பார்ப்பான், நான் சாவியை.
உன் குழாய் என்றான் அன்று.
கட்டடமே பழசு என்றேன்.
பிளம்பரைக் கூட்டிவந்து மணியடித்தான்.
வீட்டில் ஆளில்லாததுபோல நின்றேன்,
கதவுக்கு இந்தப் பக்கம், மூச்சை அடக்கி.

இப்போது அவன் கதவு முன்னால்
இரண்டு கையிலும் தட்டு. முழங்கையால் மணி.

திறந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்தான்.
"எத்தனை டிகிரி?"
"நூற்றெழுபது."

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து
ஒரு மோட்டார்பைக் எஞ்சின், குடல் வெளியே.
"மேலே முட்டை தடவலையா?"
"கட்டஞ்சாயா. சர்க்கரை போட்டு."
"நான் எஞ்சினுக்கே அதைவிட நல்லதா ஊத்துறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தபின்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
கறை நான் நினைத்ததைவிடப் பெரிசு.
விளிம்பு பழுப்பு, நடுவே சுண்ணாம்பு செதில்செதிலாய்.
நேர் கீழே ஒரு அலுமினியப் பாத்திரம்.
டொக்.
கடிகாரம் வேண்டியதில்லை அந்த வீட்டுக்கு.

எனக்குத் தெரியும்.
முதல் வாரமே பேசினுக்கு அடியில் கைவிட்டேன், ஈரம்.
கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைச் சாத்தினேன்.

இருபதாவது நிமிஷம் புகை.
புரி ஒன்று விலாவில் வெடித்து
பிளம் சொட்டுச் சொட்டாய் அடுப்பின் தரையில் விழுந்து
கருகிக்கொண்டிருந்தது.
அசென் குனிந்து பார்த்தான்.
பிறகு கூரையைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

"என் குழாய்தான்" என்றேன்.
"தெரியுமே."
"முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும்."

ஒரு போல்ட்டை எடுத்தான், துடைத்தான்,
அதே இடத்தில் வைத்தான்.
"அது எனக்குத் தெரியாது" என்றான்.

வெகுநேரம் கழித்து:
"தட்டைத் திருப்பி வை. அந்தப் பக்கம் தீயுது."

நட்சத்திரம் தெரியுமுன் ரொட்டியைப் பிய்க்கக் கூடாது.
அந்த மூட்டத்தில் எந்த நட்சத்திரம்?
நன்றி என்று நீட்ட
ஒரு துண்டுகூட இல்லாமல் மாடி ஏறினேன்,
கையில் சுடச்சுட முழு ரொட்டி, விலாவில் ஓட்டையோடு.

தங்கை வீட்டார் வந்தார்கள். ஏழு பண்டம், ஒற்றைப்படை.
வைக்கோல்மேல் விரித்த துணியில் வைத்துப் பிய்த்தோம்,
வீட்டுக்கு ஒன்று, போனவர்களுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று.
எல்லோரும் பல்லைக் காத்துக்கொண்டு மென்றார்கள்.
யாருக்கும் நாணயம் வரவில்லை.
தங்கை மகன் போயான்
போனவர்கள் துண்டையும் விரலால் குடைந்து பார்த்து
அடி வாங்கினான்.

இந்த இரவு மேசையைத் துடைப்பதில்லை,
வருகிறவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று.
விளக்கை மட்டும் அணைத்தேன்.

ஒரு மணி இருக்கும். கீழேயிருந்து சத்தம்.
தகரத்தை எதுவோ சுரண்டுகிறது. நிற்கிறது. சுரண்டுகிறது.
பிறகு சின்னதாய் ஒரு ணங்.
அதன்பின் ஒன்றுமில்லை.

எழுந்துபோய்ப் பேசினுக்கு அடியில்
வால்வைத் தேடி இருட்டில் கைவிட்டேன்.